நாலரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டாதீர்கள்

கோவை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் மெக்கானிக்கல் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையோடு இதை எழுதுகிறேன். உங்கள் துறையில் மாணவர் கிளப் இருக்கிறது. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) கிளப், மெக்கானிக்கல் அசோசியேஷன், ரோபாட்டிக்ஸ் கிளப் என்று ஏதோ ஒரு பெயரில் அநேகமாக எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு முடிவது மாலை நாலரை மணிக்கு. நான் பார்த்த பல கல்லூரிகளில் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டுவதும் அதே நாலரை மணிக்குத்தான். வார நாட்களில் இரவு எட்டரை வரையிலும் சனிக்கிழமை முழு நாளும் அதைத் திறந்து வையுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மீதி மடல்.

நானும் இந்த ஊரில் மெக்கானிக்கல் படித்தவன்தான். படிக்கும்போது, மாணவர்களே வண்டி செய்து ஓட்டும் பாஹா போட்டிக்கான அணியில் இருந்தேன். இப்போது பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளை நேர்காணல் செய்வதும் என் வேலையில் அடக்கம். மாணவர் அணிகள் கூப்பிட்டால் விடுமுறை நாட்களில் போய் உதவுகிறேன். அதனால் வண்டி செய்யும் பிள்ளைகளையும் தெரியும், செய்ய இடம் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகளையும் தெரியும்.

இன்று பல கல்லூரிகளில் கிளப் என்றால் விழா நடத்தும் குழு என்றாகிவிட்டது. செமஸ்டர் தொடக்கத்தில் குத்துவிளக்கு, பொன்னாடை, சீஃப் கெஸ்ட் உரை. பிப்ரவரி, மார்ச்சில் சிம்போசியம்: பேப்பர் பிரசன்டேஷன், கம்ப்யூட்டரில் வரையும் கேட் மாடலிங், வினாடி வினா, வாட்டர் ராக்கெட். நடுவில் ஒரு கெஸ்ட் லெக்சர், ஓர் இண்டஸ்ட்ரியல் விசிட். ஆண்டறிக்கைக்கு இவ்வளவு போதும். அங்கீகாரக் குழு வந்தால் காட்டப் படங்களும் கிடைத்துவிடும். சிம்போசியத்தை நான் குறை சொல்லவில்லை. மேடை ஏறிப் பேசவும், வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யவும், ஸ்பான்சர் தேடி அலையவும் அங்கேதான் பழகுகிறார்கள். ஆனால் அதை எந்தத் துறை மாணவரும் செய்யலாம். மெக்கானிக்கல் கிளப்புக்கே உரிய வேலை ஒன்று உண்டு. ஓர் இயந்திரத்தைத் தாமே யோசித்து, வரைந்து, வெட்டி, பொருத்தி, ஓட்டிப் பார்த்து, உடைந்தால் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து மறுபடி செய்வது. அந்த வேலைதான் பூட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பாஹா போட்டியையே எடுத்துக்கொள்கிறேன். 1976-இல் அமெரிக்காவின் சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டி அது. இந்தியாவில் எஸ்.ஏ.இ.இந்தியா அமைப்பு 2007-இல் இந்தூருக்குப் பக்கத்தில் பீதம்பூரில் முதல்முறையாக நடத்தியது. மேடு பள்ளத்தில் ஓடக்கூடிய ஒற்றை இருக்கை வண்டி ஒன்றை மாணவர்கள் செய்ய வேண்டும். பெட்ரோல் பிரிவில் பல ஆண்டுகள் எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின்தான் இருந்தது: பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் 10 குதிரைத்திறன் எஞ்சின். அதைப் பிரித்து மாற்றியமைக்கக் கூடாது. எஞ்சினில் வித்தை காட்ட முடியாது என்பதால் எடை, கியர் விகிதம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் என்று மீதி எல்லாவற்றிலும் மூளையைச் செலுத்தியாக வேண்டும். கடைசியில் நான்கு மணி நேர எண்டூரன்ஸ், அதாவது தாக்குப்பிடிக்கும் ஓட்டம். அதில் வண்டி உடையாமல் ஓடி முடித்தாலே அந்த அணிக்குப் பெரிய சாதனை.

அந்த வண்டியின் ரோல் கேஜைப் பாருங்கள். வண்டி குப்புறக் கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காப்பாற்ற வேண்டிய கூடு அது. முக்கியக் குழாய்களுக்கு 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன், குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் கொண்ட ஸ்டீல் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. வேறு அளவு வேண்டுமென்றால் விறைப்பிலும் வலிமையிலும் அது இதற்கு ஈடு என்று கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த மொமென்ட் ஆஃப் இனர்ஷியா (குழாய் வளையாமல் எதிர்க்கும் தன்மைக்கான அளவு) அங்கேதான் முதல்முறையாகப் பயன்படும் பொருளாகிறது. விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் தடிமனைக் குறைத்து எடையை இறக்கலாம் என்று ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன் தானாகக் கண்டுபிடித்து ஓடி வந்து சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பாடத்தை அவன் இனி மறக்கப்போவதில்லை.

கணக்கு முடிந்த பிறகு வெல்டிங். குழாயின் முனையை இன்னொரு குழாயின் மேல் சரியாக உட்காரும்படி வளைவாக வெட்ட வேண்டும். சந்து விட்டால் வெல்டு நம்பகமாக இருக்காது. ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். திரையில் அச்சுப் பிசகாமல் இருந்த கேஜைத் தரையில் வைத்தால் ஒரு மூலை தரையைத் தொடாது. முதலில் எல்லா மூட்டிலும் டாக் வெல்டு (தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் சிறு வெல்டு) வைத்து, அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இதை எந்த சாஃப்ட்வேரும் கற்றுத்தராது. முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேபில் ஒரு லேப் ஜாயின்ட்டும் ஒரு பட் ஜாயின்ட்டும் அடித்ததோடு நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு வெல்டிங் முடிந்துபோகிறது. லேத்தும் (கடைசல் இயந்திரம்) அப்படித்தான். ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங், திரெட் வெட்டுதல் என்று ஒரு செமஸ்டர் சுற்று முடிந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. அப்புறம் அந்த லேத்தைத் தொட அவர்களுக்குக் காரணமே கிடைப்பதில்லை.

பிரேக் சோதனையை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளப்பின் பயன் முழுவதும் எனக்கு அதில்தான் தெரிகிறது. வண்டியை வேகமெடுத்து ஓட்டி பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் லாக் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அந்த வண்டி போட்டியில் இறங்க முடியாது. காகிதத்தில் இது எளிது. பெடல் விகிதம், மாஸ்டர் சிலிண்டர் விட்டம், காலிப்பர் பிஸ்டன் பரப்பு, உராய்வுக் கெழு எல்லாம் போட்டால் எக்செல் ஷீட்டில் எந்த அணிக்கும் நான்கு சக்கரமும் நின்றுவிடும். மண்ணில் நிற்காது. பின் சக்கரம் இரண்டும் பிடித்துக்கொள்ள, முன் சக்கரம் உருண்டுகொண்டே போகும். பிரேக் போடும்போது பாரம் முன்னால் போகிறது, அதனால் முன் சக்கரத்தைப் பிடிக்க நினைத்ததைவிட அதிக விசை வேண்டும் என்று புரிந்து கணக்கைத் திருத்துவார்கள். அப்போதும் சரியாக வராது. பிரேக் எண்ணெய் லைனில் காற்றுக் குமிழி இருக்கும், அதை வெளியேற்ற ப்ளீட் செய்வார்கள். பிறகும் வராது. கடைசியில் அணியில் ஒரு பெண் கீழே குனிந்து பார்த்து, மிதிக்கும்போது பெடல் மாட்டியிருக்கும் தகடே வளைகிறது என்று சொல்வாள். மிதியின் பயணம் தகட்டை வளைப்பதிலேயே வீணாகிக்கொண்டிருந்திருக்கும். ஒரு முட்டுப் பட்டை வைத்து வெல்டு அடித்தால் நான்கும் பிடிக்கும். தியரி, அளவீடு, பொருளின் குணம், குழுவாக யோசிப்பது எல்லாம் இந்த ஒரு தேடலில் இருக்கிறது. இதற்கு ஒரு மாலை போதாது. பல மாலைகள் வேண்டும். வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் டிரில்லிங் மெஷினும் எட்டும் தூரத்தில் இருக்கும் மாலைகளாக அவை இருக்க வேண்டும்.

கோவைக் கல்லூரிகளுக்கு இதில் கூடுதல் அனுகூலம் உண்டு. மாணவர்கள் பந்தய கார் செய்து மோதும் ஃபார்முலா பாரத் போட்டி வழக்கமாக ஜனவரியில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தய கார்களைச் செய்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய களம். எங்கெங்கிருந்தோ லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு அணிகள் வருகின்றன. நம் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்த மாதிரிப் போட்டிகளில் மொத்தம் 1000 மதிப்பெண் என்றால் 325 மதிப்பெண் வண்டியை ஓட்டாமலே கிடைப்பது: டிசைனுக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்துக்கு 75. டிசைன் நடுவர்கள் வண்டியைச் சுற்றி வந்து, இந்த போல்ட் ஏன் இந்த அளவு, இந்த பிராக்கெட்டை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று கேட்பார்கள். தன் கையால் செய்தவர் பதில் சொல்வார். செய்யாதவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்.

வண்டியை மாணவர்களே சிந்தித்து வடிவமைக்க வேண்டும், தொழில்முறைப் பொறியாளர்களோ மெஷினிஸ்டுகளோ நேரடியாகத் தலையிடக் கூடாது என்பதுதான் இப்போட்டிகளின் அடிப்படை. ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தால் மாணவர்கள் என்ன செய்வார்கள்? கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு ஓடுகிறார்கள். அந்தப் பட்டறைக்காரர்களுக்கு நம் மாணவர் சமுதாயம் நிறையக் கடன்பட்டிருக்கிறது. கஸ்டமர் வேலையை நிறுத்திவிட்டு, காசு வாங்காமல், 'தம்பி, இந்த ஓரத்துல ரேடியஸ் கொடுக்கலைன்னா இங்கதான் விரிசல் விடும்' என்று சொல்லிக்கொடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் எல்லாப் பட்டறைக்கும் அவகாசம் இருக்காது. படத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள் என்பதுதான் அவர்களுக்கு வசதி. மாணவன் வரைந்தான், வேறு யாரோ செய்தார், மாணவன் ஸ்டிக்கர் ஒட்டினான் என்றாகிவிடுகிறது. அதற்கு அடுத்த படிதான் முழு வண்டியையும் விலைக்குச் செய்து வாங்குவது. ஃபைனல் இயர் பிராஜெக்டை பிராஜெக்ட் சென்டரில் வாங்கும் பழக்கம் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். செய்வதற்கு இடமும் நேரமும் இல்லாத இடத்தில் வாங்குவதுதான் வழியாகிறது. அந்தப் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொழிற்கூடத்தில் இருப்பவன் என்பதால் அதன் கனம் எனக்குத் தெரியும். லேத்தில் பொருளை இறுக்கும் சக் சாவியைக் கழற்றாமல் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும், லேத்தில் தளர்ந்த சட்டைக் கையோ கையுறையோ சிக்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் பூட்டினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஒர்க்‌ஷாப் பூட்டியிருக்கும் இரவுகளில் மாணவர்கள் வாடகை ஷெட்டிலும், யாரோ ஒருவர் வீட்டு மாடியிலும், செல்போன் வெளிச்சத்தில், பாதுகாப்பு மூடி கழற்றிய கிரைண்டரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். கண்ணாடி போடச் சொல்ல அங்கே யாரும் கிடையாது. முதலுதவிப் பெட்டி கிடையாது. ஏதாவது நடந்தால் முதலில் உங்களுக்குத்தான் தகவல் வரும். அதே வேலை இன்ஸ்ட்ரக்டர் கண் முன்னால், தீயணைப்பான் தொங்கும் சுவருக்குப் பக்கத்தில் நடந்தால் எவ்வளவோ மேல். பயிற்சி எடுத்து இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்திட்ட மாணவர்தான் மெஷினைத் தொடலாம் என்று வையுங்கள். தனியாக ஒருவர் வேலை செய்யக் கூடாது என்று வையுங்கள். மெயின் சுவிட்சின் சாவி இன்ஸ்ட்ரக்டரிடமே இருக்கட்டும். எட்டு மணிக்குச் சுழலும் மெஷின் எல்லாம் நிற்கட்டும், கடைசி அரை மணி நேரம் ஃபிட்டிங், துப்புரவு, கருவி எண்ணி வைப்பது. விபத்துக் காப்பீடும் அணிக்கு எடுத்துவிடலாம். இதையெல்லாம் எழுத்தில் வைத்துவிட்டால் அதுவே அந்தப் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலைப் பழக்கமாகவும் ஆகும்.

இன்ஸ்ட்ரக்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கச் சொல்லி ஆணை போட்டு, அந்த நாலு மணி நேரத்தையும் அவர் தலையில் சும்மா ஏற்றிவிடாதீர்கள். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள், அல்லது இரண்டு பேரை முறை வைத்துப் போடுங்கள். ஐ.டி.ஐ. முடித்து இருபது வருடமாக லேத்தோடு வாழ்ந்தவர் அவர். மெட்டலின் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர். உங்கள் துறையின் இணையதளத்தில் அவர் படம் பெரும்பாலும் இருக்காது. கிளப்பின் வழிகாட்டிகள் பட்டியலில் பேராசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.

பணம் எங்கே என்று கேட்டால், சிம்போசியக் கணக்கைப் பாருங்கள். ஃப்ளெக்ஸ், மேடை அலங்காரம், நினைவுப் பரிசு, வரவேற்பு வளைவு. அதில் ஒரு பங்கைக் குறைத்தாலே ஒரு வருடத்துக்கான வெல்டிங் ராடு, கட்டிங் வீல், கண்ணாடி, இன்ஸ்ட்ரக்டரின் கூடுதல் சம்பளம் எல்லாவற்றுக்கும் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும். மெக்கானிக்கலில் சேரும் மாணவிகளே குறைவு. சேர்ந்தவர்களில் கிளப்பில் வண்டி செய்ய ஆசைப்படும் மாணவி ஆறு மணிக்கு விடுதிக்குள் இருக்க வேண்டும். பையன்களுக்கு ஒன்பது, ஒன்பதரை. விளைவு என்ன தெரியுமா? வண்டியின் பிசினஸ் பிரசன்டேஷன், ரிப்போர்ட் எழுதுவது, சமூக ஊடகப் பக்கம் பார்ப்பது எல்லாம் அவள் தலையில் விழுகிறது. சஸ்பென்ஷனை அவள் டிசைன் செய்திருந்தாலும் பொருத்தும்போது அவள் அங்கே இருக்க மாட்டாள். பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதியில் ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்களுக்கு விதிக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. ஒர்க்‌ஷாப் எட்டரை வரை திறந்திருந்தால் அது மாணவிகளுக்கும் எட்டரைதான் என்று முதல் நாளே விடுதிக் காப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். விடுதி வரை துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அதையும் ஏற்பாடு செய்யலாம். கல்லூரி வளாகத்துக்குள் அது முடியாத காரியமா?

மாலை நேரத்துக்குப் போட்டியாக இன்னொன்று இருக்கிறது: பிளேஸ்மென்ட் டிரெயினிங். மெக்கானிக்கல் சீட்டுகளைக் குறைத்து கம்ப்யூட்டர் சீட்டுகளைக் கூட்டும் காலத்தில், இருக்கிற மெக்கானிக்கல் மாணவனையும் ஆப்டிடியூட், கோடிங் வகுப்பில் உட்கார வைக்கிறோம். பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஐ.டி. வேலைக்குப் போக விரும்புகிறவர் போகட்டும். ஆனால் மெக்கானிக்கல் வேலையே வேண்டும் என்று வந்தவருக்கு நாம் என்ன தருகிறோம்? நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் கடைசியாகச் செய்த பொருள் எது என்பதுதான். கிளப்பில் வேலை செய்தவர்கள் அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேசுகிறார்கள், பேப்பரை வாங்கி வரைந்து காட்டுகிறார்கள். மற்றவர்கள் சி.ஜி.பி.ஏ. சொல்கிறார்கள். எங்களைப் போன்ற சிறு தொழிற்கூடங்களுக்கு முதல் வகை ஆட்கள் போதிய அளவு கிடைப்பதில்லை. பிராக்டிகல் வேலையும் வகுப்பும் மோதும் இடத்தில் ஓ.டி. (கல்லூரி வேலையாகப் போனதாக வருகைப் பதிவு) கொடுப்பதிலும் கொஞ்சம் தாராளமாக இருங்கள். போட்டிக்குப் போய் வந்த பிள்ளைக்கு இன்டர்னல் தேர்வை மறுபடி வைக்க ஒரு பேராசிரியர் மறுப்பதும், 75 சதவீத அட்டென்டன்ஸ் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவதும் நல்ல அணிகளைப் பாதியிலேயே கலைத்திருக்கின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1981ஆம் ஆண்டு பேட்ச் பழைய மாணவர்களின் உதவியோடு 2008-இல் சென்டர் ஃபார் இன்னோவேஷன் தொடங்கினார்கள். மாணவர்களே நடத்தும் கூடம். ரஃப்தார் ஃபார்முலா அணியும் ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் அணியும் அங்கே வளர்ந்தவை. அவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் கோவைக்கு இது புதிதில்லை. பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926-இல் தொடங்கி, அதன் பக்கத்திலேயே 1951-இல் பொறியியல் கல்லூரி வந்தது. பொருள் செய்யும் இடத்தை ஒட்டியே பாடமும் நடக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் அப்போதே இருந்தது. ஜி.டி. நாயுடு 1945-இல் இங்கே பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, நான்கு ஆண்டுப் படிப்பு தேவையில்லை, செய்முறையோடு இரண்டே ஆண்டில் கற்றுத்தரலாம் என்று வாதாடினார். இரண்டு ஆண்டு சரியா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, டைனமிக்ஸும் தெர்மலும் அவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்காது. மாணவன் கையில் வேலை இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் லேத் இருக்கிறது, மில்லிங் மெஷின் இருக்கிறது, ஆர்க் வெல்டிங் இருக்கிறது. புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை.

வரும் ஒற்றைப்படை செமஸ்டரில் ஒரே ஒரு மாதம் முயன்று பாருங்கள். வாரத்தில் மூன்று மாலை, ஒரு சனிக்கிழமை என்று சிறிதாகத் தொடங்கினாலும் போதும். யார் வந்தார்கள், எந்த மெஷினில் என்ன செய்தார்கள் என்று ஒரு பதிவேடு வையுங்கள். மாத முடிவில் அதைப் பார்த்து நீட்டிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம். சனிக்கிழமைகளில் நானும் என்னோடு படித்த சிலரும் வருகிறோம். வெல்டிங், லேத், அளவெடுப்பது, டிராயிங் வாசிப்பது என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருகிறோம். போட்டி வண்டியை நாங்கள் தொட மாட்டோம், விதி அப்படி. சம்பளம் எதுவும் வேண்டாம். எங்கள் தொழிற்கூடத்தில் மிஞ்சும் குழாய்த் துண்டுகளையும் தகடுகளையும் பயிற்சிக்குக் கொண்டுவந்து தர முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வெளியாட்கள் உள்ளே வர ஓர் அனுமதிக் கடிதமும், கேட்டில் எங்கள் பெயரும் இருந்தால் போதும்.

அன்புடன்,
ஒரு பழைய மெக்கானிக்கல் மாணவன்,
கோவை